உடன் வந்தவர்

14 செப்டம்பர் 2041, சனி.

இன்றைய தவறு: இணைப்பு நிலையத்தில் பின்னாலிருந்து கூப்பிட்டபோது திரும்பிவிட்டேன். அதோடு விடாமல் உட்கார்ந்து தண்ணீரும் குடித்தேன். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி போயிற்று. என் எண் அறுபத்திரண்டிலிருந்து நாற்பத்தாறுக்கு இறங்கியது. சிறிய தவறுதான். விமானத்தைப் பிடித்துவிட்டேன்.

நாளைய வேலை:

அதற்கு மேல் எழுத ஒன்றும் ஓடாமல் சுகிர்தா பேனாவை மூடினாள். ஏறி உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகியும் விமானம் நகரவில்லை.

தேதி போட்டு எழுதுவது மாலை வகுப்பில் ஒட்டிக்கொண்ட பழக்கம். பகலில் அவளுக்குச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி ஆலையில் தரம் பார்க்கும் வேலை. ஆறரை மணிக்கு மேல் ராஜபாளையத்தில் மருந்துக்கடை மாடியில் ஜெர்மன் வகுப்பு. தினம் ஒரு தவறும் மறுநாளுக்கு ஒரு வேலையும் எழுதி வர வேண்டும் என்பது அங்கே விதி. மற்றவர்கள் பத்து நாளில் கைவிட்டார்கள். சுகிர்தா இரண்டு வருடம் விடாமல் எழுதினாள். எழுதாவிட்டால் அன்றைக்குச் செய்தது எல்லாமே தவறோ என்று மனசு அரிக்கத் தொடங்கிவிடும்.

அந்த ஜெர்மன்தான் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிக்கு இடம் வாங்கித் தந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். மதுரையிலிருந்து நேராகப் போக வழியில்லை. நடுக்கடலில் தூண் நட்டுக் கட்டிய இணைப்பு நிலையத்தில் இறங்கி, எழுபது நிமிடத்துக்குள் அடுத்த விமானத்தில் ஏற வேண்டும். அதுவரை பேருந்து நிலையத்தில் பேருந்து மாறி ஏறியதைத் தவிர அவளுக்கு வேறு அனுபவம் கிடையாது. வீடியோக்களைப் பார்த்துக் கட்டம் போட்ட தாளில் நிலையத்தின் வரைபடத்தை வரைந்தாள். எங்கே திரும்புவது, எத்தனை அடி நடப்பது என்று குறித்தாள். சரிதானா என்று மூன்று முறை சரிபார்த்தாள். பிறகு, மூன்று முறை பார்த்ததே எங்கோ தப்பு இருக்கிறது என்பதற்கு அடையாளமோ என்று நான்காவது முறையும் பார்த்தாள்.

மதுரை விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவர் அந்தத் தாளை எட்டிப் பார்த்துச் சிரித்தார். பெயர் நெப்போலியன். தூத்துக்குடிக்காரர், கப்பல் இன்ஜினியர். வருடத்துக்கு ஆறு தடவை இந்த வழியில் போகிறவர்.

"படம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா அங்க வழி தெரியாம யாரும் தோக்கறதில்ல" என்றார்.

பிறகு எதில்தான் தோற்பார்கள் என்று அவள் கேட்டாள்.

"இறங்குனதும் கையில ஒரு பட்டை மாட்டுவான். அதுல ஒரு எண்ணு ஓடும். அடுத்த ஃபிளைட்ட நீ புடிப்பியா மாட்டியான்னு மெஷின் போடுற கணக்கு. நூத்துக்கு நாப்பதுக்குக் கீழ போச்சுன்னா உன் சீட்டு வேற ஆளுக்கு."

"நான் ஓடிப் போயி நேரத்துக்கு நின்னுட்டா?"

"நின்னா நின்னுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். சீட்டு போயிருக்கும்."

அவர் சொல்லச் சொல்ல அவளுக்கு விஷயம் விளங்கியது. முன்பெல்லாம் இணைப்பைத் தவறவிட்டவர்களின் இருக்கைகள் காலியாகவே பறந்தன. இப்போது தவறவிடும்வரை காத்திருப்பதில்லை. நடக்கும் வேகம், பலகைகளுக்கு முன்னால் தயங்குவது, திரும்பிப் பார்ப்பது, யாரோடு பேசுகிறோம் என்பது எல்லாவற்றையும் மெஷின் பார்த்துக்கொண்டே இருக்கும். நூற்றில் தொண்ணூற்றேழு பேர் விஷயத்தில் அது சொன்னது சரியாக இருந்ததாம். மீதி மூன்று பேரைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

"மேல கண்ணாடி வராந்தா ஒண்ணு இருக்கும். சீட்டு இல்லாம காத்துக் கெடக்கற கூட்டம் அங்க நிக்கும். நம்ம எண்ணு கீழ போகணும்னு பாத்துக்கிட்டே இருப்பானுக. சிஸ்டர், ஹலோன்னு குரல் குடுப்பானுக. பத்துப் பாஷை தெரியும். யாரு பின்னாடி கூப்பிட்டாலும் திரும்பாத." அவரே சேர்த்துக்கொண்டார்: "இன்னொண்ணு. இறங்குனதும் நீ யாரோ நான் யாரோ. கோவிச்சுக்காத. எண்ணு கம்மியானவங்ககூட நடந்தா நம்மளதும் இறங்கும்."

அவர் சொன்னபடியே செய்தார். அவருடைய பட்டையில் தொண்ணூற்றொன்று என்று வந்தது. சுகிர்தாவின் பட்டையில் அறுபத்திரண்டு. அவர் அந்த எண்ணை ஓரக்கண்ணால் பார்த்தார். தரையில் வழிகாட்டி ஓடிய பச்சை வெளிச்சத்தின்மேல் நடந்து மறைந்தார்.

அறுபத்திரண்டு அவளுக்கு அவமானமாக இருந்தது. இன்னும் ஒரு அடிகூட வைக்கவில்லை. முதல் பயணம் என்பதற்கே முப்பத்தெட்டைக் கழித்துவிட்டார்கள்.

வராந்தா அவள் நினைத்ததைவிடத் தாழ்வாக இருந்தது. கண்ணாடிக்கு மேலே கம்பியைப் பிடித்தபடி நாற்பது ஐம்பது பேர் குனிந்து நின்றார்கள். அவர்கள் முகங்களை யாரும் பார்க்கவில்லை. பயணிகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மணிக்கட்டை மட்டும் பார்த்தார்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தபோது கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. மரியாதை என்றுதான் முதலில் நினைத்தாள். அவருடைய எண் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வழி தெரியாமல் ஒரு பெரியவர் ஒருவரின் முழங்கையைத் தொட்டார். தொடப்பட்டவர் சூடு பட்டதுபோல் கையை உதறிக்கொண்டு போனார்.

பாதுகாப்புச் சோதனையில் அவள் பட்டியல் போட்டபடி எல்லாவற்றையும் தட்டில் வைத்தாள். போன், நோட்டு, பை, சான்றிதழ் பைல். எடுக்கும்போதும் அதே வரிசையில்தான் எடுத்தாள். பைலும் நீலம், தட்டும் நீலம். அடியில் ஒட்டிக் கிடந்தது கண்ணில் படவில்லை. எண் அறுபத்திரண்டிலேயே நின்றது. நன்றாகத்தான் செய்கிறேன் என்ற நினைப்பில் இருநூறு அடி நடந்திருப்பாள்.

"ஏ தாயீ! ஏ பிள்ள, நில்லு!"

திரும்பக் கூடாது என்று தெரியும். பத்துப் பாஷையில் தமிழும் இருக்கும். ஆனால் அந்தக் குரலில் சங்கரன்கோவில் சந்தை இருந்தது. அப்படிப் பேச ஒரு மெஷினாலும் முடியாது, ஒரு ஏமாற்றுக்காரனாலும் முடியாது. அவள் திரும்பினாள்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தாள். மற்றொரு கையில் நீலப் பைல். தட்டு திரும்ப மெஷினுக்குள் போகும்போது பார்த்துக் கையை உள்ளே விட்டு எடுத்திருக்கிறாள். காவலர்கள் அவளைப் பிடித்து நிறுத்தி, சத்தம் போட்டு, கையைச் சோதித்துத்தான் விட்டார்கள். ஐம்பத்தைந்தாக இருந்த அவளுடைய எண் அதற்குள் நாற்பத்தைந்து.

சுகிர்தா பைலை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்தப் பைல் இல்லாமல் லைப்சிக்கில் போய் நின்று என்ன பயன்? நன்றி என்று சொல்லத் தொடங்கியதை அந்தப் பெண் காதில் வாங்கவே இல்லை.

"பின்னாடி கூப்புட்டுட்டேன் தாயீ, மன்னிச்சிரு. பெரிய காரியமாப் போற பிள்ள. செத்த உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று சொல்லி, தோள் பையிலிருந்த எவர்சில்வர் புட்டியைப் பக்கத்துக் குழாயில் நிரப்பி நீட்டினாள். "இப்பத்தான் அந்தக் குழாயில புடிச்சேன். எச்சி படல. என் சொந்தச் சம்பளத்துல வாங்குனது, பேரு வெட்டியிருக்கேன் பாரு."

சுகிர்தா மறுத்திருக்க வேண்டும். ஆனால் புறப்படும்போது பின்னால் கூப்பிட்டால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அவள் வீட்டிலும் வழக்கம். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கும் அப்படித்தான் போனாள்; மாலை வகுப்பின் முதல் நாளும் அப்படித்தான். அவள் முடிவு செய்வதற்குள் முழங்கால் மடங்கிவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்தாள். குடித்தாள். பக்கத்தில் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள்.

பட்டை துடித்தது. ஐம்பத்தேழு. ஐம்பத்து மூன்று. மேலே வராந்தாவில் ஆட்கள் நகர்ந்து அவர்களுக்கு நேர் மேலே கூடினார்கள். ஒருவன் விசில் அடித்தான்.

சுகிர்தா எழுந்து நடந்தாள். அந்தப் பெண் அவளுடைய வேகத்துக்கு ஈடுகொடுத்துக் கூடவே வந்தாள். லைப்சிக் பக்கம் ஒரு காளான் பண்ணைக்கு வேலைக்குப் போகிறாளாம். கூட வர வேண்டிய பதினோரு பேர் நேற்றே போய்விட்டார்கள். அவளுடைய விசா ஒரு நாள் தாமதமாக வந்தது. திங்கட்கிழமை ஆறு மணிக்குப் பண்ணை வாசலில் நிற்காவிட்டால் ஏஜென்ட் திருப்பி அனுப்பிவிடுவான். "நீ இங்கிலீசு தெரிஞ்ச பிள்ள. உன் பின்னாடியே வந்துருதேன். உனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?" என்று கேட்டாள்.

தொந்தரவுதான். சுகிர்தாவின் எண் நாற்பத்தாறு. அந்தப் பெண்ணுடையது நாற்பத்திரண்டு. சேர்ந்து நடக்க நடக்க இரண்டும் ஒன்றையொன்று கீழே இழுத்தன. சுகிர்தா எட்டி நடந்தாள். பெயரைக்கூடக் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு நீளும்.

கடைசியில் வரிசையாகக் கண்ணாடிக் கதவுகள் வந்தன. ஆளுக்கு ஒரு கதவு. சுகிர்தாவுக்கு முன்னால் ஒரு திரை ஒளிர்ந்தது. அந்தப் பெண்ணின் முகம். கீழே நல்ல தமிழில் ஒரு கேள்வி: இவர் உங்களுடன் வந்தவரா? அதற்குக் கீழே ஆம், இல்லை. பத்து விநாடி.

பக்கத்துக் கதவில் அந்தப் பெண்ணுக்கும் அதே கேள்வி. அங்கே திரையில் சுகிர்தாவின் முகம். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல் சிரித்து, விரலை அழுத்தினாள். எதை அழுத்தினாள் என்பது இங்கிருந்தே தெரிந்தது.

எட்டு விநாடி சுகிர்தா கணக்குப் போட்டாள். எனக்கு அவளைத் தெரியாது. வேறு ஊர். வேறு டிக்கெட். உண்மையில் உடன் வந்தவள் இல்லைதானே? கேட்ட கேள்விக்குச் சரியான பதில் எதுவோ அதைத்தானே எழுத வேண்டும்?

இல்லை என்பதைத் தொட்டாள்.

கதவு திறந்தது. பட்டையில் எழுபத்தொன்று. பின்னால் எங்கோ பலர் கைதட்டும் சத்தம். யாருக்காவது பிறந்தநாளோ என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். "ஏ தாயீ, கதவு தொறக்க மாட்டேங்குதே" என்ற குரலும் கேட்டது. இந்த முறை அவள் திரும்பவில்லை.

ஓடி, ஏறி, முப்பத்தொன்று பி-யில் உட்கார்ந்து, நோட்டை எடுத்து எழுதினாள். எழுதியதுதான் முதலில் இருப்பது.

கேப்டனின் குரல் வந்தது. பறக்க வழி கிடைக்கவில்லை; இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இங்கேயே நிற்க வேண்டும்; மன்னிக்கவும். யாரும் முணுமுணுக்கவில்லை. ஏறிவிட்டவர்களுக்கு என்ன அவசரம்?

முப்பத்தொன்று சி-யில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஒரு சாக்லேட்டை நீட்டி, அவளுக்குப் புரிய வேண்டும் என்று நிதானமான ஆங்கிலத்தில் பேசினான். இரண்டு நாளாக அந்த வராந்தாவில் நின்றானாம். அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தபோது இரண்டு இருக்கை கிடைக்கும் என்று மேலே எல்லோருக்கும் நம்பிக்கை வந்ததாம். அவள் 'இல்லை' தொட்டது மேலே திரையில் தெரிந்தபோது கைதட்டியது அவர்கள்தானாம். ஒன்றாவது கிடைத்தது, உங்களுக்கு மிகவும் நன்றி என்றான். நல்லவனாகத்தான் தெரிந்தான். சாக்லேட்டை அவள் வாங்கவில்லை. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அவளுடைய மேசையிலேயே வைத்தான்.

சுகிர்தா மணியை அழுத்திப் பணிப்பெண்ணை வரவழைத்தாள். மாலை வகுப்பில் படித்த ஜெர்மனை முதல்முதலாக ஒரு வேற்று மனுஷியிடம் பேசினாள். ஒரு பயணி நிலையத்துக்குள் கண்ணாடிக் கதவருகே நிற்கிறார், விமானம் புறப்பட ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது, அவரை ஏற்றிக்கொள்ள முடியுமா? இலக்கணம் தப்பவில்லை. பணிப்பெண் கையிலிருந்த திரைப் பலகையைப் பார்த்துவிட்டு, அந்தப் பயணி விமானத்தைத் தவறவிட்டுவிட்டார் என்றாள். விமானம்தான் இங்கேயே நிற்கிறதே என்றாள் சுகிர்தா. ஆமாம், ஆனால் அவர் தவறவிட்டுவிட்டார் என்று சிரித்தபடியே சொல்லிவிட்டு அவள் போனாள்.

இதே விமானத்தில் ஏறியிருந்த நெப்போலியன் கழிப்பறைக்குப் போகும் வழியில் அவள் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றார். இப்போது பேசுவதில் அவருக்கு நஷ்டம் இல்லை.

"புடிச்சிட்டியே. எவ்வளவுல வந்த?"

"எழுபத்தொண்ணு."

அவர் புருவத்தை உயர்த்தினார். அறுபத்திரண்டில் தொடங்கியவள் எழுபத்தொன்றுக்கு ஏறுவது எதனால் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "கதவுல கேட்டுச்சா?" என்றார்.

அவள் தலையாட்டினாள். "அந்த அக்கா ஆம்னு அழுத்துனாங்க அண்ணே. நான் இல்லன்னேன். அவங்களுக்கு என்ன ஆகும்?"

"ரெண்டு பதிலும் ஒத்துப்போகலைன்னா ஆம்னு சொன்னவங்களுக்குத்தான் அடி. சம்பந்தமில்லாதவங்களப் புடிச்சுத் தொங்குறான்னு குறிச்சுக்கும். பத்துப் பதினஞ்சு இறங்கிரும்."

"ஆனா அவங்களுக்கு வேகம் இருந்துச்சு. என்கூடச் சமமா நடந்தாங்க."

"வேகமா எல்லாரும்தான் நடப்பாங்க. யாருக்காக நிப்பேன்னுதான் மெஷின் பாக்குது. நிக்கறவங்க ஃபிளைட்ட விட்டுருவாங்க, அம்புட்டுத்தான் அதுக்குத் தெரியும். நானும் முத தடவ ஒருத்தனுக்கு இல்லன்னு அழுத்துனேன்." அவர் குரலைத் தாழ்த்தவில்லை, வானிலையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். "என்கூடப் படிச்சவன்."

நானும் ஆம் என்றிருந்தால் இரண்டு பேரும் ஏறியிருப்போமா என்று அவள் கேட்டாள். ஏறியிருக்கலாம், இரண்டு பேரும் நின்றிருக்கவும் செய்யலாம், அழுத்தியிருந்தால்தானே தெரியும் என்றார். அதை மாற்ற வழி உண்டா என்று கேட்டாள். அவர் அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார்.

வழி இருந்தது. தரையிறங்கி ஒரு நாளுக்குள் பதிலைத் திருத்தலாம். எந்த விமான நிலையத்திலும் அதற்கென்று ஒரு சாளரம் இருக்கும். திருத்தினால் அந்தப் பெண்ணின் எண் திரும்பக் கணக்கிடப்படும். பிழை அவளுடையது இல்லை என்று ஆனதும் அடுத்த விமானத்தில் இடம் கொடுத்தாக வேண்டும். அடுத்த விமானம் ஞாயிறு நண்பகலில். திங்கள் ஆறு மணிக்கு அவள் பண்ணை வாசலில் நிற்க முடியும். திருத்துகிறவர் பெயரில் பொய்த் தகவல் என்று ஐந்து வருடத்துக்கு ஒரு குறிப்பு ஏறும். ஒவ்வொரு இணைப்பிலும் எண் நாற்பத்தொன்றில்தான் தொடங்கும். விசா புதுப்பிக்கும் அலுவலகத்திலும் அந்தக் குறிப்பைப் பார்ப்பார்கள்.

"நாப்பத்தொண்ணுல தொடங்குனா தும்மக்கூட முடியாது. அஞ்சு வருசம் ஊருக்கு வந்து போக முடியாது. எதுக்கு உனக்கு? நூத்துல மெஷின் தப்பாச் சொல்ற மூணு பேர்ல ஒருத்தின்னு விடு."

"அவங்க பேரே எனக்குத் தெரியாது அண்ணே."

"அப்பச் சரி. படிவத்துல மொத வரியே அதுதான் கேப்பான்" என்று சொல்லிவிட்டு, ஒரு சங்கடம் தீர்ந்த முகத்தோடு அவர் நகர்ந்தார்.

அவளுக்கும் ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அது ஆறுதல்தான் என்று தெரிந்ததும் கைக்கு வேறு வேலை தேடினாள். பைல் பத்திரமாக இருக்கிறதா என்று பையைத் திறந்தாள். பைலை எடுத்தபோது கூடவே குளிர்ச்சியாக ஏதோ விரலில் பட்டது. எவர்சில்வர் புட்டி. எழுந்து நடந்த அவசரத்தில் திருப்பிக் கொடுக்காமல் பைக்குள் போட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணும் கேட்கவில்லை. சேர்ந்துதானே போகிறோம், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள்.

புட்டியைத் திருப்பினாள். பாத்திரக் கடையில் ஊசியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து: சு. மாடத்தி. கீழே ஊர்.

பாத்திரத்தில் இருப்பது கொடுத்தவர் பெயராகவும் இருக்கலாமே என்று சந்தேகம் தலைதூக்கியது. பிறகு அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. என் சொந்தச் சம்பளத்துல வாங்குனது, பேரு வெட்டியிருக்கேன் பாரு. அப்போது அவள் பார்க்கவில்லை.

விமானம் அசைந்தது. பக்கத்து இளைஞன் கண்ணை மூடித் தூங்கத் தொடங்கியிருந்தான். லைப்சிக் போய்ச் சேரும்போது இரவாகிவிடும், திருத்தச் சாளரம் இனி காலையில்தான் திறக்கும். சுகிர்தா நோட்டைத் திறந்தாள். சிறிய தவறுதான் என்ற வரியை அடித்தாள். வேறு பேனா தேடாமல் அதே பேனாவால், கோணாமல், கீழே எழுதினாள்.

இன்றைய தவறு, திருத்தம்: கூப்பிட்டபோது திரும்பியது சரி. உட்கார்ந்ததும் சரி. கதவில் சொன்ன பதில் தவறு.

நாளைய வேலை: காலை ஏழு மணி, லைப்சிக் விமான நிலையம், திருத்தச் சாளரம். உடன் வந்தவர்: ஆம். பெயர்: சு. மாடத்தி. புட்டியைக் கையில் கொண்டுபோக வேண்டும்.